ஊதினால் எழும் கை

விடிந்தும் விடியாத நேரம். மேற்கே மலை இன்னும் கறுப்பாகத்தான் கிடந்தது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், நூல் மில்லை ஒட்டியிருந்த அந்தத் தகரக் கொட்டகைக்குள் காளீஸ்வரிக்கு அதற்குள் முதுகு நனைந்துவிட்டது.

பெரிய கார். கறுப்பு. வெயில் ஏறித் தகடு சுடுவதற்குள் மினுக்கைக் காக்கும் சீலண்ட் மருந்தைப் பூசி முடித்தாக வேண்டும். சுட்ட தகட்டில் பட்டால் மருந்து திட்டுத் திட்டாக உறைந்துவிடும். துணிப் பேடில் சில சொட்டு விட்டாள். கதவின் மேல் நீளவாக்கில் ஓர் இழுப்பு. அப்புறம் குறுக்கே ஓர் இழுப்பு. வெங்காயச் சருகை விட மெலிசாக, எல்லா இடத்திலும் ஒரே சீராக. அழுத்தினால் கோடு விழும், தயங்கினால் திட்டு விழும். மணிக்கட்டு அசையாமல் தோள் மட்டும் போய் வர வேண்டும். போய் வந்து போய் வந்து, தோள்பட்டைக்குள் யாரோ ஆணி அடிப்பது போல் இருந்தது.

ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத்தான் திறந்திருந்தது. பக்கத்து மில்லிலிருந்து மிதந்து வரும் பஞ்சு ஈரப் பூச்சில் ஒட்டிக்கொள்ளுமாம். முதலாளி போட்ட சட்டம். சுவரில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேனும் அதே குற்றத்துக்காக நிறுத்தப்பட்டு, இறக்கையில் ஒட்டடையோடு தொங்கியது. அது ஓடினால் சந்து பொந்தெல்லாம் பஞ்சை உள்ளே இழுக்கும். ஆகவே மருந்தின் நெடி போக வழியில்லை. மூக்கில் ஏறி, நெற்றிப்பொட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் ஊதிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். வாயைத் தகட்டருகே கொண்டுபோய், 'ஹா' என்று ஒரு மூச்சு. மூச்சுப் பனி ஒன்றுபோல் படிந்து ஒன்றுபோல் கலைந்தால் பூச்சு சரி. எங்காவது தங்கினால் கோளாறு.

கதவுகள் முடிந்தன. மிச்சம் பானெட்.

காளீஸ்வரி குனிந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். பிறகு திறந்தாள்.

பனிக்குள்ளிருந்து ஒரு கை எழுந்தது.

உள்ளங்கை, கட்டைவிரல், மூன்று விரல். சுண்டுவிரல் பாதியோடு நின்றது. ஒரு நொடி அங்கேயே இருந்தது. மூச்சு கலையக் கலைய, குளத்தில் மூழ்குவது போல் கறுப்புக்குள் இறங்கி மறைந்தது.

"யக்கா, வந்துட்டாரா?" காருக்குப் பின்னாலிருந்து பெலிக்ஸ் கேட்டான். பூச்சைத் துடைத்து மினுக்குகிறவன்.

"ம்."

"நான்தான் டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சேனே!"

கார் கழுவும் ஜாபிர் வாளியோடு ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்தார். "ஏலே, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முன்வரிசைல நிக்க. இங்க வந்து எலுமிச்சம்பழம் வைக்க."

"கர்த்தர் எலுமிச்சம்பழத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியே பாய்."

சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் அறுந்தது.

அது சோலைராஜின் கை. அந்தச் சுண்டுவிரலில் பாதியை முன்பு வேலை பார்த்த மில்லில் ஒரு மிஷின் தின்றிருந்தது. போன வாரம் இதே காருக்கு இதே பானெட்டில் அவன் தனியாகப் பூசிக்கொண்டிருந்தான். கையுறை தீர்ந்துபோய் வெறுங்கை. அன்றைக்கு ஷட்டர் முழுக்க இறங்கியிருந்தது, வெளியே பூட்டோடு. யாரும் பாதியில் திறந்து பஞ்சை உள்ளே விடக்கூடாதென்று முதலாளி ராம்குமார் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தார். இவர்கள் மூன்று பேரும் முற்றத்தில் வேறொரு காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முதலாளி வந்து பூட்டைத் திறந்தபோது சோலைராஜ் தரையில் கிடந்தான். தூக்கி வண்டியில் ஏற்றியது இவர்கள்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் ராம்குமார் சொன்ன கதை வேறு. 'அன்னைக்கு அவனுக்கு லீவு. பஸ் ஸ்டாண்டுல மயங்கிக் கெடந்தான். பாவமேன்னு தூக்கிட்டு வந்தேன்.'

மறுநாள் பெலிக்ஸ் அந்தப் பானெட்டின் மேல் இன்னொரு கோட்டுப் பூச்சு இழுத்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊதினபோதுதான் கை எழுந்தது. அன்றிலிருந்து அவர்கள் அந்த ஓர் இடத்தில் மட்டும் ஊதுவார்கள். பார்ப்பார்கள். விலகிவிடுவார்கள்.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். ஷட்டரைத் தூக்கிக்கொண்டு ராம்குமார் உள்ளே வந்தார். பின்னாலேயே கையில் தூக்குவாளியுடன் ஓர் ஆள்.

"காளீஸ்வரியக்கா!" என்றார். அவர் அக்கா போட்டுப் பேசினால் காரியம் இருக்கிறது என்று அர்த்தம். "இவன் ஐயாதுரை. கான்சாபுரத்துக்காரன். சோலைராஜ் எடத்துக்கு. இன்னையிலேர்ந்து வேலை பழகட்டும். பொறவு, இந்த பானெட்ல என்னமோ கறை இருக்காமே? பாலிஷ் மிஷினப் போட்டு அடியோட எடுத்துருங்க. எடுத்துட்டுப் புதுசா ஒரே கோட்டு, கொஞ்சம் தடிச்சாப்ல. ஜமால் முகமது பாய் வீட்டுக் கல்யாணக் கார். மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரணும்."

"அது கறை இல்ல மொதலாளி," என்றார் ஜாபிர்.

"என்னவா இருந்தா என்ன? இன்னைக்கு லேபர் ஆபீசர் வாராரு. சோலைராஜ் சம்சாரம் மனுக் குடுத்திருக்கு. கேட்டா, அன்னைக்கு அவன் வேலைக்கே வரலைன்னு சொல்லுங்க. மூணு பேரும் ஒரே மாதிரி." குரலை இறக்கினார். "அவன் ஒண்ணும் கஷ்டப்படலக்கா. ஒரே நொடி. நமக்கு எதுக்கு ஊர் வம்பு? கடைய மூடிட்டா நீங்க எங்க போவீங்க?"

அது ஒன்றுதான் காளீஸ்வரிக்கு வலித்தது. முன்பு வேலை பார்த்த மில் மூடினபோது எங்கே போவதென்று தெரியாமல் அவள் அலைந்த தெருக்கள் எல்லாம் இதே ஊரில்தான் இருக்கின்றன.

பாலிஷ் மிஷினை எடுத்தாள். பெலிக்ஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பொத்தானை அமுக்கினாள். கையில் அது நாயைப் போல் உறுமியது.

எந்த இடத்தில் வைக்க வேண்டும்? தெரிந்தால்தானே தேய்க்க முடியும்? குனிந்து ஊதினாள். இந்த முறை கண்ணை மூடவில்லை. அதை அழிக்கப் போகிறவள் அதை முழுசாகப் பார்க்க வேண்டியிருந்தது.

கை எழுந்தது. விரல்களின் நுனியில் நான்கு கோடுகள் இழுபட்டிருந்தன. வழுக்கின கோடுகள். அவை காரின் மூக்கைப் பார்த்து ஓடின.

மிஷினை நிறுத்தினாள். ஒரு முழம் தள்ளி ஊதினாள்.

இன்னொரு கை.

இன்னும் தள்ளி ஊதினாள். மூன்றாவது. இது முழுக் கை இல்லை. விரல்கள் மட்டும்.

"பெலிக்ஸு," என்றாள். "விளிம்புல ஊதுலே."

பெலிக்ஸ் ஊதினான். "யேசுவே" என்று பின்வாங்கினான். ஜாபிர் வாளியை வைத்துவிட்டு, மண்டியிட்டு, முன் பம்பரில் ஊதினார். அங்கே அரைச் சுண்டுவிரலோடு ஒரு கை, கீழ்நோக்கி வழுக்கியிருந்தது.

பம்பருக்கு எதிரே, இரண்டடியில், ஷட்டர்.

பக்கத்து மில் இரைந்துகொண்டிருந்தது. அன்றைக்கும் இப்படித்தான் இரைந்தது. அவன் ஷட்டரைத் தட்டியிருப்பான். தட்டின பக்கத்துக்கு மறுபக்கம், கூப்பிடு தூரத்தில், இவர்கள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் ராம்குமார்.

"ஒரே நொடின்னீங்களே மொதலாளி." காளீஸ்வரி நிமிர்ந்தாள். "இங்கிருந்து அது வரைக்கும் காரப் புடிச்சுப் புடிச்சு நடந்திருக்காரு. காத்துக்குப் போயிருக்காரு."

"பேய்க்கதை கட்டாதீங்க!"

"பேய்க்குக் காலு கெடையாதும்பாவ," என்றான் பெலிக்ஸ். "கையி இருக்குமா மொதலாளி? அதுவும் அரைச் சுண்டுவிரலோட?"

"ஏய், வாய மூடு! காளீஸ்வரி, ஒனக்கு வேலை வேணுமா வேண்டாமா?" அக்கா காணாமல் போயிருந்தது.

"வேணும். அதான் மிஷினப் போட மாட்டேன். நாளைக்கு இதே எடத்துல நான்தான நிக்கணும்? பூட்டுக்கு உள்ள?"

"அப்ப கெளம்பு. மூணு பேருமே கெளம்புங்க. ஆளா இல்ல இந்த ஊர்ல?" திரும்பினார். "ஏலே ஐயாதுரை! மிஷின எடு. இந்தா, இந்த எடத்துல வச்சுத் தேயி."

மூன்று பேரும் பானெட்டைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஐயாதுரை தூக்குவாளியோடு அவர்களைப் பார்த்தான். தென்னந்தோப்பில் வேலை இல்லாமல், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவன். மிஷினை வாங்கினான். அதன் கனத்தில் கை தாழ்ந்தது.

"அண்ணே," என்றான் ஜாபிரிடம், "அவரு பூட்டத் தொறக்கச் சொல்லித் தட்டினாரோ?"

"தட்டியிருப்பாரு. எங்களுக்குக் கேக்கல."

ஐயாதுரை திரும்பி ஷட்டரைப் பார்த்தான். பிறகு மிஷினைக் குழந்தையைக் கிடத்துவது போல் தரையில் கிடத்தினான். தூக்குவாளியை அதன் பக்கத்தில் வைத்தான். வந்து பெலிக்ஸின் தோளை ஒட்டி நின்றான்.

"லே, ஒனக்குப் பைத்தியமா?" என்றார் ராம்குமார்.

"எங்க ஊர்ல மாட்டக்கூட வெளிப்பூட்டுப் போட்டுக் கட்ட மாட்டாவ மொதலாளி."

ராம்குமார் முற்றத்துக்குப் போய்ப் போனை எடுத்தார். தன் வீட்டுப் பாஷையான தெலுங்கில் பேசினார். 'ஸ்டேஷன்' என்ற சொல் மட்டும் இவர்களுக்குப் புரிந்தது. ஜாபிர் தன் போனை எடுத்து ஜமால் முகமதுவைக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னார். கேட்டார். வைத்தார்.

"பாய் என்னங்காரு?" என்றாள் காளீஸ்வரி.

"கல்யாணக் காருல மய்யித்தோட கையா, செத்தவன் கையாங்காரு. யோசிச்சுச் சொல்லுதாராம்."

பெலிக்ஸ் போய் ஷட்டரை உச்சிவரை தள்ளினான். வெளிச்சம் உள்ளே விழுந்தது. கூடவே பஞ்சும் வந்தது. வரட்டும் என்று நின்றார்கள்.

அந்த வெளிச்சத்தில், சாலையைக் கடந்து ஒரு பெண் வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவள். நெற்றி வெறுமையாக இருந்தது. சோலைராஜின் மனைவி பொன்மணி. கூட அதிகாரி யாரும் இல்லை.

"ஆபீசர் இன்னைக்கு வரலையாம்," என்றாள், யாரைப் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல். "போன்ல நாளைக்குப் பாப்போம்ன்னாவ. எனக்கு வீட்டுல இருக்க முடியல. அதான் வந்தேன்."

நாளை வரை இந்தக் காரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போலீஸ் வரலாம். பாய் காரைக் கேட்கலாம். காளீஸ்வரி மற்றவர்களைப் பார்த்தாள். யாரும் நகரவில்லை.

பொன்மணி முற்றத்தில் நின்ற முதலாளியைப் பார்த்தாள். பிறகு இவர்கள் பக்கம் திரும்பினாள். ஒரு வாரமாக ஆஸ்பத்திரியிலும் ஆபீசிலும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கேள்வியை இங்கேயும் கேட்டாள்.

"அன்னைக்கு அவிய வேலைக்கு வந்தாவளா?"

"வந்தாரு," என்றார்கள். நான்கு குரல் ஒன்றாக.

ராம்குமார் போனைக் காதிலிருந்து எடுத்தார். "ஏலே கான்சாபுரம்! நீ எப்படா அவனப் பாத்த?"

"இப்பத்தான் மொதலாளி," என்றான் ஐயாதுரை.