அலுவலக நேரத்தில் முளைத்தவை

நில அளவை அலுவலகத்துத் தபால் பிரிவு எழுத்தரின் மடக்குக் கத்தியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குப் பன்னிரண்டாவது கருவி முளைத்தது. வாங்கும்போது பதினொன்றுதான். பெரிய அலகு, சின்ன அலகு, கத்தரி, அரம், இரண்டு திருப்புளி, டப்பா திறப்பது, பாட்டில் திறப்பது, துளை போடும் ஊசி, இடுக்கி, பல்குத்தி என்று கடைக்காரர் விரல்விட்டு எண்ணிக் காட்டித்தான் கொடுத்திருந்தார். பதினாறு வருடமாக அது அவருடைய கால்சட்டைப் பையைவிட்டு நகர்ந்ததில்லை. பார்சல் கயிறு அறுக்க, மூக்குக்கண்ணாடித் திருகு முடுக்க, ஆப்பிள் சீவ, விரலில் ஏறிய சிராய் எடுக்க என்று அலுவலகம் மொத்தமும் அவரிடம்தான் வரும். யார் எதைக் கேட்டாலும் ‘ரெடி’ என்பார். பெயரே ரெடி சார் என்றாகிவிட்டது. வாங்கிப் போனவர்கள் திருப்பித் தரும்போது அரத்தில் நகத்தூள் ஒட்டியிருக்கும். அதையும் அவரே ஊதித் துடைத்துக்கொள்வார்.

புதிய கருவி கிளி மூக்குபோல வளைந்திருந்தது. எதற்கு என்று மதியம்தான் தெரிந்தது. எல்லைக் கல் விவகாரமாக ஒன்பது வருடம் அலுவலகத்துக்கு நடையாய் நடந்த தையல்காரி ஒருத்தி அன்றும் வந்திருந்தாள். ஃபைல் நகரவில்லை என்றார்கள். பொய் இல்லை, அது அலமாரியோடு அலமாரியாக ஒட்டிப்போயிருந்தது, இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. ரெடி சார் கிளி மூக்கை அடியில் கொடுத்து நெம்பினார். வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்த ஃபைல், தானாகவே மூன்று மேசை கடந்து மூன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, நாற்பது நிமிடத்தில் தையல்காரியின் மடியில் போய் உட்கார்ந்தது. அதன்பிறகு வாரம் ஒன்றாக முளைத்தது. நாற்காலியில் ஒட்டிப்போனவர்களைக் கிளப்ப ஒன்று. கண்காணிப்பாளரின் தொண்டையில் சிக்கிய ‘சரி’யை வெளியே எடுக்க, மழுங்கிய முனையோடு ஒன்று. அந்த வருட முடிவில் நாற்பத்து மூன்று. பை கிழிந்து, தோள்பையும் கிழிந்து, கத்தியைச் சக்கர வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அவர் மனைவி ஏழு மணி நேர ரயில் தொலைவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மாதத்தில் இரண்டு நாள்தான் இருவரும் ஒரே வீட்டில். அவள் கேட்ட இடமாற்றம், அதே கட்டடத்தின் மாடியில் இருந்த சுகாதாரத் துறைப் பிரிவில் ஆறு வருடமாகக் கிடந்தது.

“ஊர்ல இருக்கறவங்க ஃபைலெல்லாம் கிளப்பறீங்க. மாடியில நம்ம ஃபைல் ஒண்ணு கிடக்கே, அது கண்ணுல படலையா?” என்றாள் போனில்.

“நம்ம விஷயத்துக்கு நானே கத்திய எடுத்தா நல்லா இருக்குமா?”

“நல்லா இருக்காதுதான். ஆளுக்கொரு ஊர்ல ஒத்த ஆளுக்கு ஒலை வைக்கறது மட்டும் ரொம்ப நல்லா இருக்கு.” போனை வைத்துவிட்டாள்.

இதற்கிடையே ஃபைல்கள் தீர்ந்து, காத்திருக்க ஆளில்லாமல் பெஞ்சுகளில் தூசி படிந்தது. “வேலையெல்லாம் முடிஞ்சு போச்சுன்னா நமக்கு இங்க என்னய்யா வேலை?” என்றார் கண்காணிப்பாளர். மூவர் குழு ஒன்று அமைந்தது, நான்கு மாதம் கூடியது. முதல் பதினொன்றும் எழுத்தரின் சொந்தம், மற்றவை அலுவலக நேரத்தில் முளைத்ததால் அலுவலகச் சொத்து என்று தீர்ப்பானது. பிரித்தெடுக்கப் பார்த்தார்கள், ஒன்றைத் திருகினால் இரண்டு முளைத்தது. கடைசியில் முழுசாக வாங்கி இரும்பு பீரோவில் பூட்டிவிட்டு, ‘மடக்குக் கத்தி ஒன்று, மடங்காத நிலையில்’ என்று ரசீது கொடுத்தார்கள்.

அதன்பிறகு ரெடி சார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். பதினாறு வருட பாரம் இறங்கினால் உடம்புக்குத் தெரியாதா. இன்னொன்றும் தெரிந்தது. அவர் மேசைக்கு இப்போது யாரும் வருவதில்லை. முதல் வாரம் ஒருவர் கண்ணாடியை நீட்டினார், வெறும் கையைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். சாப்பிட்டாச்சா என்றுகூடக் கேட்கவில்லை. அத்தனை வருடமும் தன்னைத் தேடி வந்ததாக நினைத்திருந்தவர், அன்று மாலை வரை தபால் முத்திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்து மாடி ஏறினார். மனைவியின் ஃபைல் அடித்தட்டில் ஆணி அறைந்த மாதிரி இருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினார். முதல் நாள் நகம்தான் பெயர்ந்தது. இரண்டாம் நாள் ஓரம் கொஞ்சம் கிளம்பியது. மூன்றாம் நாள் சாயங்காலம், கிழிகிற சத்தத்தோடு ஃபைல் மொத்தமும் கையோடு வந்தது.

“கத்தி இல்லாமயா சார் எடுத்தீங்க?” என்றார் மாடி எழுத்தர், முகம் வெளுத்து.

“கையாலதான்.”

“இத வெளிய சொல்லிடாதீங்க. அப்புறம் எல்லாரும் கைய வச்சுடுவாங்க.”

இடமாற்ற உத்தரவு கிடைத்து, பதினெட்டாம் நாள் மனைவி இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாள். அவர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பெட்டியைத் திறந்து மருந்தும் துணியும் எடுத்தாள், ஒவ்வொரு விரலாகக் கட்டினாள். “முன்னாடியே பண்ணியிருக்கலாம்” என்றாள். அவர், “ஆமா” என்றார். அன்றைக்கு இருவருக்கும் சேர்த்து அவளே உலை வைத்து, அவருக்கு ஊட்டியும் விட்டாள்.

பீரோவுக்குள் கத்தி வளர்வதை நிறுத்தவில்லை. நான்காம் வருடம் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது, ஏழாம் வருடம் சுவரைத் துளைத்துத் தாழ்வாரம் முழுக்கப் படர்ந்தது. ஃபைல்கள் பழையபடி ஒட்டிக்கொண்டன, பெஞ்சுகள் நிறைந்தன. ஊழியர்கள் திருப்புளிகளில் குடையையும் சாப்பாட்டுப் பையையும் மாட்டினார்கள். இடம் கிடைக்காதவர்கள் அகலமான அரங்களின்மேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள். புதிதாகப் பொறுப்பேற்க வந்த அதிகாரி வாசலிலேயே நின்று, இது என்ன என்று கேட்டார்.

“தபால் பிரிவுக்குப் போற வழி சார்” என்றார் காவலாளி. “தலைய மட்டும் கொஞ்சம் குனிஞ்சுக்குங்க.”

அதிகாரி குனிந்து உள்ளே போனார்.