வேற யாரோ வெங்கடசாமி

பதினான்கு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வெங்கடசாமி ஸ்ரீராம்புரத்து வீட்டுக்கு வந்தது 2003 ஆகஸ்டில். காவலுக்கு இருந்த குடோனிலேயே செம்புக் கம்பி திருடிய வழக்கு. துணிப்பையில் பதினைந்து நாள் மாத்திரையும் ஒரு கடிதமும் இருந்தன. உள்ளே அவனுக்குக் காசநோய் கண்டிருந்தது. ஆறு மாத மருந்தில் இரண்டு மாதம் முடிந்திருந்தது. மிச்சத்தை வீட்டருகே உள்ள சுகாதார மையத்தில் வாங்கிச் சாப்பிட வேண்டும் என்று ஜெயில் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

அவன் மனைவி காந்தாவின் கண் கடிதத்தின் தலையில் இருந்த ஜெயில் முத்திரையைத் தாண்டிப் போகவில்லை.

"அங்க மாத்திரை குடுக்கிறது யாரு தெரியுமா? பக்கத்து சந்து சரளா. இத அவ கையில குடுத்தா பொழுது சாயறதுக்குள்ள தெருவே பேசும்."

அவன் ஹூப்ளியில் கேபிள் வேலைக்குப் போயிருப்பதாகத்தான் தெருவில் அவள் சொல்லி வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் போகும் மகள் வீணாவிடமும் அதையேதான் சொன்னாள்.

"டாக்டர் ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னாரு காந்தா."

"சொல்ப நாள் போவட்டும்யா. மாத்திரைதான் இருக்குதே."

பத்தாம் நாள் சரளாவே வந்துவிட்டாள். அவளுக்கு ஜெயிலிலிருந்து தனியாகத் தகவல் வந்திருந்தது. குழாயடியில் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். சரளா வாசலில் நின்ற காந்தாவின் கிட்டே வந்து, தணிந்த குரலில்தான் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் பேருக்கு ஒரு தாள் வந்திருக்கு. அவரு இருக்காரா?"

காந்தா குழாயடிக்கும் கேட்கிறாற்போலப் பதில் சொன்னாள். "அது வேற யாரோ வெங்கடசாமி. எங்க ஊட்டுக்காரரு ஹூப்ளியிலருந்து இப்பதான் வந்தாரு. ஒரு நோவும் கெடையாது."

சரளா ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனாள். காந்தா உள்ளே வந்தபோது அவன் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அன்று அவனுக்குச் சோறு போடும்போது அவளால் நிமிர முடியவில்லை.

மாத்திரை தீர்ந்தது. இருமல் குறைந்திருந்ததால் அவன் மூட்டை தூக்கப் போனான். சரியாகிவிட்டது என்று காந்தா நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது. நவம்பரில் ஒரு காலை, பல் துலக்கப் போனவன் கை நிறைய ரத்தத்தோடு திரும்பி வந்தான்.

ஆட்டோ பிடித்துச் சுகாதார மையத்துக்குப் போனார்கள். சரளா சீட்டு எழுதினாள்.

"மருந்த ஏன் நிறுத்தினீங்க?"

"எம்மேலதான் தப்பு மேடம். சோம்பேறித்தனம்" என்றான் வெங்கடசாமி.

சரளாவின் பேனா அதை எழுதத் தொடங்கியது. காந்தா ஒரு அடி முன்னால் வந்தாள். பின்னால் பெஞ்சில் தெருக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

"அப்டி எழுதாதக்கா. ஜெயில் காயிதத்த மறைச்சது நானு. வேற வெங்கடசாமின்னு சொன்னதும் நான்தான்."

சரளா நிமிர்ந்தாள். "தெரியும். அன்னைக்கே உள்ளருந்து இருமல் கேட்டுச்சு. நான் மறுபடி வந்திருக்கணும், வரல." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "இந்தத் தெருவுக்கு ஜெயில் தாளு வர்றது இது முத தடவ இல்ல காந்தா. யாரு வீட்டதுன்னு என் வாயிலருந்து என்னைக்காவது கேட்டிருக்கியா?"

காந்தா கேட்டதில்லை.

இந்த முறை எட்டு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் ஊசியும் சேர்த்து. வீணாவுக்கும் பரிசோதித்தார்கள், ஒன்றும் இல்லை. அப்பா எங்கே இருந்தார் என்பதை அன்றிரவு காந்தாவே அவளிடம் சொன்னாள். வாரம் மூன்று நாள் அவனோடு போய், சரளா முன்னால் அவன் மாத்திரையை விழுங்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

நோய் குணமாயிற்று. ஆனால் ஊசியால் இடது காது கேட்காமல் போயிற்று. முதலிலேயே மருந்து விடாமல் இருந்திருந்தால் அந்த ஊசியே தேவைப்பட்டிருக்காது என்று டாக்டர் யாரையும் குறிப்பிடாமல் சொன்னார். அவன் அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காந்தா மட்டும், அவனிடம் எது சொல்வதானாலும் சுற்றி வந்து வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள்.