ஏழாம் நம்பரின் வால்

பேராசிரியர் தர்மராஜ் மேடை ஏறியபோது தென்றல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா கண்ணையன், விக்கிரமங்கலத்திலிருந்து சலவை வேட்டியோடு வந்திருந்தார். மேடையில் அந்தப் பாவி மனுஷன் என்ன மிடுக்காக நடக்கிறார் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? பெரம்பலூர் கல்லூரியில் தர்மராஜ்தான் அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. மூன்று வருஷம் ஊர் ஊராக அலைந்து மாடு, ஆடு, பன்றி, குதிரை என்று இருபத்துமூன்று உயிர்களிடம் ரத்தம் எடுத்தவள் அவள். வாலிகண்டபுரத்தில் ஒரு குதிரை உதைத்த தழும்பு முழங்காலில் இன்னும் இருக்கிறது. அந்த மரபணுக்களைத் திமிங்கிலம், நீர்யானையின் மரபணுக்களோடு ஒப்பிட்டு, யாருக்கு யார் கிட்டத்துச் சொந்தம் என்று வம்ச மரம் வரைந்தவளும் அவள்தான். அம்மாவின் ஆபரேஷனுக்காக நாலு மாசம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பினால், கட்டுரை அச்சாகிவிட்டது. அதில் ஒரே ஒரு பெயர், தர்மராஜ். தன் நோட்டைக் கொண்டுபோய்க் கல்லூரியில் காட்டினாள். இதை யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்று கையை விரித்துவிட்டார்கள்.

அன்றைக்கு அழுதாள். கட்டுரையைப் படித்து முடித்ததும் சிரித்தாள்.

ஆய்வகக் கம்ப்யூட்டரில் ரத்தம் எடுத்த பிராணிகளின் படங்களுக்கு வெறும் நம்பர்தான் போட்டிருந்தாள். எந்த நம்பர் எந்தப் பிராணி என்ற பட்டியல் அவள் நோட்டில் இருந்தது. ஒருநாளும் பட்டிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷர், படங்களைப் பார்த்தே பெயர்களை நிரப்பிவிட்டார். ஏழாம் நம்பர் அப்பாவின் கருப்புச் செம்மறி. இந்தப் பக்கத்துச் செம்மறிக்குக் கம்பளியா இருக்கிறது? வெள்ளாடு என்று எழுதிவிட்டார். வம்ச மரத்தில் அந்த வெள்ளாடு செம்மறிக் கூட்டத்தோடு போய் நின்றது. சந்தேகப்பட வேண்டாமா? அதையே புதுக் கண்டுபிடிப்பு என்று தம்பட்டம் அடித்திருந்தார்.

கட்டுரை வந்த ஆய்வுப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். அவள் போடவில்லை. அரியலூரில் ஆடு வளர்ப்பவர்கள் கூட்டத்தில் அவர் பேசப்போவது தெரிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் மானம் ஆடு மேய்க்கிறவர்கள் முன்னால்தான் போக வேண்டும்.

மேடையில் தர்மராஜ், திமிங்கிலத்துக்கும் குளம்புள்ள பிராணிகளுக்கும் மூதாதை ஒன்றுதான் என்றார். திமிங்கிலத்துக்கு இன்று மிகக் கிட்டத்துச் சொந்தம் நீர்யானை, அதற்கடுத்து மாடும் ஆடும், குதிரை தூரத்து உறவு என்றார். எல்லாம் அவள் எழுதிய வரிகள். ஜனங்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பிறகு திரையில் ஏழாம் நம்பர் வந்தது. அந்த வெள்ளாட்டைக் கழுத்தோடு அணைத்துப் பிடித்துத் தானே ரத்தம் எடுத்ததாகச் சொன்னார்.

சபை முழித்தது. பின்வரிசையிலிருந்து அம்மாக்கண்ணு என்ற பெண் எழுந்தாள்.

"சார், அது செம்மறிங்க. வாலு தொங்குது பாருங்க. வெள்ளாடுன்னா தூக்கிக்கிட்டு நிக்கும்."

கொட்டகையே சிரித்தது. வேறு ரகம் என்று அவர் மழுப்பினார். கண்ணையன் எழுந்தார்.

"எம் பட்டியில பொறந்ததுங்க அது. ரத்தம் எடுத்தது எம் மவ. உங்கள நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்."

தர்மராஜ் வியர்த்துப்போய் இறங்கி வந்து தென்றலிடம் குனிந்தார். பட்டியலைக் கொடுத்தால் இரண்டாவது பெயராகச் சேர்த்துவிடுவதாகக் கிசுகிசுத்தார். இரண்டாவதாம்! அவளுக்கு உள்ளே தித்தித்தது.

"மொதல்ல மேடையில போயி, இது யாரு செஞ்ச வேலைன்னு மைக்குல சொல்லுங்க சார்."

நாலைந்து செல்போன்கள் அவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் ஏறினார்.

"இந்த ஆராய்ச்சி முழுக்கச் செஞ்சது... தென்றல்."

"இனிஷியலோட சொல்லுங்க சார்."

அவர் கண்ணையனைப் பார்த்தார். "க. தென்றல்."

சொல்லி முடித்து இறங்கி வந்து நோட்டுக்குக் கையை நீட்டினார். தென்றல் நோட்டு இருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பட்டியலைப் பத்திரிகைக்குத் தானே அனுப்பிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"வாங்கப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."