கல்சியத்துக்கு ஒரு வழி

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கந்தசஷ்டி விரதம் பிடிப்பவனுக்குப் பகலில் பசியை மறக்க ஒரு வேலை வேண்டும். மிசிசாகா அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, ஸ்காபரோ அப்பார்ட்மென்டில் குசினிச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி கோணேஸ்வரி பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில், இதயத்தசையில் உள்ள ஒரு புரதத்தைப் பிரித்தெடுக்கிறாள். எண்பத்தேழாம் ஆண்டில் டொரொன்டோவில் இருந்துகொண்டு இன்னும் எத்தனை நாளைக்குத்தான் ஊரைப் பற்றியே எழுதுவது? ஆகவே அந்தப் புரதத்தைப் பற்றி ஒரு கதை. வாசகரே, எழுந்து போய்விடாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "இதயம் என்பது காதலின்..." (விட்டுவிட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.)

இரண்டாவது: "இதயத்தசையின் ஒவ்வொரு கலத்தின் சவ்விலும் கதவுகள் இருக்கின்றன." இதைக் கோணேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன்.

"கதவெண்டு எழுதாதையுங்கோ," என்றாள். "கதவால ஆரும் வரலாம். இதால கல்சியம்தான் வரும். வெளியில சோடியம் எவ்வளவோ கூட நிக்குது, எண்டாலும் விடாது."

கதவு போயிற்று. அவள் விளக்கியதை என் தமிழில் எழுதுகிறேன். அந்தப் புரதம் நீண்ட ஒரே சங்கிலி; ஒன்றைப்போல் ஒன்றான நான்கு பகுதிகளாக மடிந்து, நடுவில் ஒரு துளையைச் சுற்றி நிற்கிறது. மின் சமிக்ஞை வந்ததும் துளை திறக்கும். கொஞ்சம் கல்சியம் உள்ளே போகும். அந்தக் கொஞ்சம், உள்ளே சேமித்து வைத்திருக்கும் கல்சியத்தையும் கிளப்பிவிடும். தசை சுருங்கும். தசையைக் கல்சியமே இல்லாத நீரில் வைத்தால் சமிக்ஞை வரும், போகும். தசை மட்டும் அசையாது. (இந்த இடத்தில் இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டங்களை உவமை சொல்லியிருந்தேன். அடித்துவிட்டேன். சங்கத்தாரும் வாசகர்கள்தானே.)

3

கதைக்கு ஓர் ஆள் வேண்டும். தம்பிமுத்து என்று ஒருவரை உண்டாக்கினேன். நெஞ்சுநோவுக்காரர். டாக்டர் அவருக்கு ஒரு கப்சூல் கொடுத்திருக்கிறார். அது இதே புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு கல்சியத்தைக் குறைவாகவே உள்ளே விடும், இரத்தக்குழாய்கள் இளகும், நோவு தணியும்.

சஷ்டி விரதம் தொடங்குவதற்கு முதல்நாள் கோயிலில், எல்லாருக்கும் ஆசாரம் சொல்லும் வீரக்குட்டி அண்ணை அவரைப் பிடித்துக்கொள்கிறார். "உந்தக் கப்சூலின்ர உறை மாட்டெலும்பில செய்யிறதாம். சைவமில்லை, மச்சம். விரதத்தில உதை விழுங்கப்போறீரோ?"

தம்பிமுத்து அன்றோடு மருந்தை நிறுத்துகிறார். மனைவிக்குச் சொல்லவில்லை. வேளைக்கு வேளை கப்சூலை எடுத்து, யன்னலோரக் கறிவேப்பிலைச் சட்டியின் மண்ணுக்குள் புதைக்கிறார். பிறகு ஒருநாள் லோன்றி அறையிலிருந்து உடுப்புக் கூடையோடு படியேறும்போது நெஞ்சில் ஒரு பிடி. அப்படியே படியில் உட்கார்ந்துவிடுகிறார்.

இந்தத் தம்பிமுத்துவை நானே முழுதாக நம்பவில்லை. டாக்டருக்கு ஒரு போன் எடுத்து வேறு மருந்து கேட்டால் என்ன?

[இங்கே ஒரு பதில் வரவேண்டும்.]

பதில் வராததால் ஆய்வுகூடக் காட்சிக்குப் போனேன்: "தம்பிமுத்துவின் மனைவி வெள்ளை மேலங்கியுடன், போத்தலில் வந்த புரதத்தை எடுத்து..."

4

இன்று பின்னேரம் கோணேஸ்வரி வேலையால் வந்து, வழக்கம்போலத் தலை முழுகிவிட்டே குசினிக்குள் வந்தாள். (அவளுடைய ஆசாரத்தைப் பற்றி நான் கோயிலில் பெருமையடித்திருக்கிறேன்.) விஞ்ஞானப் பிழை பார்க்கும்படி பக்கங்களைக் கொடுத்தேன். ஈரத்தலையோடு நின்றே வாசித்தாள்.

"போத்தலில எங்கயிருந்து வரும்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. முந்திய பக்கத்தைத் திருப்பினாள். நேரே எங்கள் யன்னலடிக்குப் போய், கறிவேப்பிலைச் சட்டியை விரலால் கிண்டினாள். செம்மஞ்சள் நிறத்தில் பிசுபிசுவென்று உறைகள் வந்தன.

"படியில இருந்ததும் நீங்களோ?"

"ஓம்."

அவள் கத்தவில்லை. எனக்கு எதிரே வந்து இருந்தாள். மண் ஒட்டிய கையை மேசைமேல் வைத்தாள்.

"ஆய்வுகூடத்தைத் திருத்தி எழுதுங்கோ. அந்தப் புரதம் மாட்டின்ர இதயத்தில இருந்துதான் வருது. வெட்டுற இடத்தில இருந்து ஐஸ் பெட்டியில கொண்டருவினம். நான்தான் கொழுப்பெடுத்து, வெட்டி, அரைக்கிறன். அரைச்சதுக்குள்ள புரதம் எங்க கிடக்கெண்டு பிடிக்க, உங்கட கப்சூலின்ர சாதி மருந்தைத்தான் விடுறன். அது போய் அதில ஒட்டும். நான் முழுகிறது ஆசாரத்துக்கில்லை. அந்த மணம் போறதுக்கு."

ஒவ்வொரு வருடமும் விரதம் முடிக்கும் பாறணைக்குச் சமைத்ததும் இந்தக் கைதான்.

"நீங்கள் மச்சம் எண்டு ஒதுக்குவியளெண்டுதான் இவ்வளவு நாளும் சொல்லேல்லை. இந்தக் கை போட்ட சோறு மச்சமெண்டால் இப்பவே சொல்லுங்கோ. இல்லையெண்டால் உந்த உறையும் மச்சமில்லை." பிறகு அழுதாள். "நீங்கள் இல்லாமல் இந்தக் குளிருக்குள்ள நான் ஆரோட இருக்கிறது?"

5

முடிவுகள்.

முதலாவது: தம்பிமுத்து கப்சூலைக் குத்தி, உள்ளிருப்பதை மட்டும் பாலில் விட்டுக் குடிக்கிறார். கோணேஸ்வரி விடவில்லை. "பிரஷர் சடுதியா விழும். ஆள் மயங்கி விழும்." அடித்தாயிற்று.

இரண்டாவது: டாக்டர் உறையில்லாத குளிசையாக மாற்றிக் கொடுக்கிறார். நல்ல முடிவு. விடியவே போன் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் இன்றிரவுக்கு அது உதவாது.

மூன்றாவது: கோயில் ஐயர் பரவாயில்லை என்று... (வேண்டாம். என் நெஞ்சுக்கு அவரை ஏன் இழுக்க வேண்டும்?)

மேலே அடைப்புக்குள் விட்ட பதில் இப்போது தெரிகிறது. நான் முருகனுக்குப் பயந்தேன், வீரக்குட்டி அண்ணையின் வாய்க்கும் பயந்தேன். எனக்கு ஏதும் நடந்தால் இவள் தனித்துப்போவாளே என்று மட்டும் பயப்படவில்லை. அதை நினைக்க இப்போது உடம்பு கூசுகிறது.

எழுதிக்கொண்டிருக்கும் இந்தத் தாளின் மேலேயே ஒரு கப்சூலை வைத்திருக்கிறாள். பக்கத்தில் தண்ணீர். நான் விழுங்காவிட்டால் தானும் சாப்பிடமாட்டாளாம். காலையில் ஒரு பாண் துண்டை மட்டும் கடித்துவிட்டுப் போனவள். அவளுக்கு விரதமும் இல்லை, பசி தாங்கவும் மாட்டாள்.

தம்பிமுத்து என்ன செய்தார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், வாசகரே. கப்சூலை எடுக்க எனக்கு இந்தக் கை வேண்டும். பேனாவை வைக்கிறேன்.