பெட்டியில் இல்லாத பெயர்

கிரில் சவ்ரினின் பெயரைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்தது நான்தான். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் ரஷ்யர் அவர். சைபீரியாவில் ஒரு சின்ன இடதுசாரிப் பத்திரிகை நடத்தியவர். நகரசபைக்கு நின்று வென்றவர். சுரங்கத்தில் செத்தவர்களின் உண்மையான தொகையை அச்சடித்ததால் பதவி போய், இரண்டு வருடம் சிறையிலும் இருந்தார். தொகையைச் சொன்ன தொழிலாளி யாரென்று எவ்வளவோ கேட்டும் வாயே திறக்கவில்லையாம்.

பங்குனியில் ஒரு மத்தியானம் இரண்டு பேர் வந்து, ரஷ்ய வாடை அடிக்கும் ஜெர்மனில், சவ்ரின் இங்கேயா இருக்கிறார் என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இப்படி வந்து பெயர் கேட்டவர்களோடு போன என் தமையன் வீடு திரும்பவில்லை. தெரியாது என்று கதவைச் சாத்தினேன். அவர்கள் போனதும் பெட்டியிலிருந்த பெயரை நகத்தால் சுரண்டி எடுத்தேன். மனுசனைப் பயமுறுத்துவானேன் என்று அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன், அதுதான் வெட்கம்.

பெட்டியில் பெயரில்லாவிட்டால் இங்கே கடிதம் திரும்பிப் போய்விடும். முப்பது வருடம் இருந்தும் அந்த நேரம் அது என் மண்டையில் ஏறவில்லை. அவருடைய அகதி விசாரணைக் கடிதம் அப்படித்தான் போனது. அவரே போய் விசாரித்தபோது, விசாரணைக்குக் குறித்த தெர்மின் முடிந்து நாலு நாள் என்றார்கள். தவறு தன்னுடையதல்ல என்று உடனே எழுத்தில் காட்டாவிட்டால் வழக்கை மூடிவிடுவார்கள், பிறகு நாடு கடத்தல்தான் என்றார் வழக்கறிஞர்.

அன்றே மேலே ஏறிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, பெயரைத் தானே எடுத்ததாக எழுதப்போவதாகச் சொன்னார். என் பெயர் எந்தக் கோப்பிலும் ஏறக்கூடாதாம். அப்போ உங்கள் வழக்கு என்னாகும் என்றேன். தோளைக் குலுக்கினார்.

கீழே வந்தால் என் கணவர் கணேசலிங்கமும் அதே பாட்டு.

"அவரே எழுதிறன் எண்டு சொல்லுறார். நீ ஏன் தலையைக் குடுக்கிறாய்?"

"நான் செய்த வேலைக்கு அந்த மனுசன் போய்ச் சாகிறதோ?"

"உனக்குப் பயமில்லையோ?"

"பயம்தான். பயத்திலதானே இவ்வளவும் செய்தனான்."

கடிதம் எழுத உட்கார்ந்தேன். கிரில் இறங்கிவந்து தாளின்மேல் கையை வைத்தார். இருபது வருடத் தொழிலில் தன்னால் ஒருவரும் அகப்பட்டதில்லை என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஜெர்மன் தடுமாறவேயில்லை. செய்தி சொன்னவர்களைக் காப்பாற்றுவது உங்கள் தொழில், நான் செய்தி சொன்னவள் இல்லை, பிழை செய்தவள், கையை எடுங்கள் என்றேன்.

எடுத்தார். சிவமலர் கணேசலிங்கம் என்று முழுப்பெயரும் முகவரியும் பிறந்த திகதியும் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பினேன். பெட்டியில் அவர் பெயரையும் திரும்ப ஒட்டினேன்.

மூன்று கிழமையாகிறது, பதில் இல்லை. மணி அடித்தால் அவர் மாடிப்படிக்கு ஓடிவருகிறார், நான் கதவடிக்கு ஓடுகிறேன். தபால்காரரா, அந்த இரண்டு பேருமா என்று தெரியாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, திறக்காமல் நிற்கிறோம்.