ஃபெயில் ஆகத் தெரியாத கவிநிலா

1

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "ஃபெயில் ஆனாதான்டி கவுன்சிலிங் மிஸ் கூப்பிடுவாங்களாம்." எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் சொந்தச் சரக்கு.

2

மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தபோது—

(வேண்டாம். திருவண்ணாமலையில் யார் கதை எழுதினாலும் மலையில்தான் தொடங்குகிறார்கள். அது பாட்டுக்கு இருக்கட்டும்.)

கவிநிலா பத்தாம் வகுப்பு. பள்ளியிலேயே முதல். அப்பா தருமன் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடுகிறவர். பெண் டாக்டர்தான் என்று ஊரே முடிவு செய்து, சென்னையில் ஒரு விடுதிப் பள்ளியில் இடமும் பிடித்தாயிற்று. அவளுக்குத்தான் அதில் நிச்சயமில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். பள்ளி ஆலோசகர் அருணாதேவியிடமோ மார்க் குறைந்தவர்களைத்தான் அனுப்புவார்கள்.

ஆகவே கணக்குப் பரீட்சையில் எல்லா விடையையும் வேண்டுமென்றே தப்பாக எழுதினாள்.

(இவ்வளவு கெட்டிக்காரி இப்படிச் செய்வாளா? எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அவள் எதையும் வாய்விட்டுக் கேட்டு வாங்கியதில்லை. பரீட்சை எழுதியே வாங்கிப் பழகியவள்.)

3

பாஸ் ஆகிவிட்டாள். ஒவ்வொரு கணக்கிலும் கடைசி வரியை மட்டும்தான் மாற்றியிருந்தாள். மற்ற வரிகளுக்கெல்லாம் ஆசிரியர் ஸ்டெப் மார்க் போட்டுவிட்டார். அரைகுறையாகக் கணக்குப் போட அவளுக்குக் கை வரவில்லை, பாவம்.

அடுத்த பரீட்சையில் அவள் வெறும் தாளை—

(அடித்துவிட்டேன். அதற்குள் அவளே போய் அருணாதேவியின் கதவைத் தட்டிவிட்டாள். எனக்குச் சந்தோஷம்.)

"பாஸ்தானே நீ? என்னம்மா?"

"டாக்டர் ஆகணுமான்னு தெரியல மிஸ். வேற என்ன வேணும்னும் தெரியல. எனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்குன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேன்றாங்க."

"நான் நம்பறேன்."

அருணாதேவி அவளை அழுது முடிக்க விட்டார். பிறகு கேட்டார்: "என்ன படிக்கறதுன்றது அப்புறம். உனக்கு எது முக்கியம்?"

கவிநிலா யோசித்தாள். "யாரையும் முந்தாம கொஞ்ச நாள் இருந்து பாக்கணும் மிஸ்."

4

மறுநாள் தருமனை வரச் சொன்னார்கள். "எம் பொண்ணுக்குத் தெரியலையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்புறம் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு மட்டும் என்னங்க தெரியும் மேடம். எல்லாரும் சொன்னாங்க, நானும் சரின்னுட்டேன். கவி, நீயே சொல்லும்மா. நாள் ஜாஸ்தி எடுத்துக்கினாலும் பரவால்ல."

வெளியே ஆளுக்கொரு கரும்புச்சாறு குடித்துவிட்டு பைக்கில் ஊருக்குக் கிளம்பினார்கள்.

5

முடிவு ஒன்று: சென்னைக்கே போகிறாள், தன் விருப்பத்தோடு.

முடிவு இரண்டு: இங்கேயே பிளஸ் ஒன் சேர்ந்து—

(இரண்டையும் அடித்துவிட்டேன். இவளுக்காக முடிவு செய்தவர்கள் போதாதென்று நான் வேறா?)

உங்களுக்கும் ஒரு முடிவு தோன்றியிருக்கும். அவளிடம் சொல்லிவிடாதீர்கள். இப்போதுதான் யோசிக்க உட்கார்ந்திருக்கிறாள்.