பாலைவன அறை

போதும் என்று டாக்டர் ட்ரெம்பெல் சொல்லவில்லை. எல்ஃப்ரீடெ மூன்றாவது முறையாக அவர் கோப்பையில் பார்லிக் காப்பியை ஊற்றினாள். அன்று காலைதான் நாற்பத்தோராம் வருடத்துப் பிப்ரவரி உறைபனியைக் கடப்பாரையால் பிளந்து அவள் கணவனைப் புதைத்திருந்தார்கள். அவன் தொழிற்சாலையின் சோதனை ஓட்டுநர். ஆப்பிரிக்க மணலில் படைக்காக ஓடப்போகும் குட்டி வண்டியைப் பழக்கிக்கொண்டிருந்தவன். ஜெர்மனியில் பாலைவனம் இல்லாத குறையைத் தொழிற்சாலையின் பொறியாளரான இந்த டாக்டர்தான் தீர்த்துவைத்தார்: ஓர் அறை, நான்கு உலைகள், மணலை வாரி இறைக்கும் மின்விசிறிகள். மேதைகளுக்குப் பூகோளம் ஒரு பொருட்டா?

“உங்க வீட்டுக்காரருக்கு வீரமரணம்மா,” என்றார், கேக்கை விழுங்கியபடியே. “எண்ணெய், டயர், பாட்டரி, எல்லாத்துக்கும் வெப்பமானி வெச்சிருந்தோம். ஒண்ணுகூட எல்லை தாண்டல.”

“அவருக்கு?”

“அவருக்கு எதுக்கும்மா? ஆப்பிரிக்காவுக்குப் போறது வண்டிதானே.”

மேசையில், துக்கத்துக்கு வந்தவர்களில் யாரோ இருமினார்கள்.

“கதவத் திறங்கன்னு அவர் கூப்பிடலையா?”

“நடுவுல திறந்தா சூடு போயிடும். மொத்தச் சோதனையும் பாழ். ஆனா ஒண்ணு சொல்லணும்.” டாக்டரின் முகம் மலர்ந்தது. “ஹார்ன் பிரமாதம்! கடைசி அரைமணி நேரமும் விடாம அடிச்சுது. அந்தச் சூட்டுலயும் தொண்டை கம்மல.”

எல்ஃப்ரீடெ கூஜாவைக் கீழே வைத்தாள்.

டாக்டர் அவள் தம்பி கொன்ராட்டின் தோளில் கை போட்டார். அவனும் அங்கே ஓட்டுநர். “நாளைக்கு நீதான். குடும்பப் பெருமையக் காப்பாத்து.”

அவள் தம்பியை அடுக்களைக்கு இழுத்துப் போனாள். “போகாதடா. காய்ச்சல்னு படுத்துக்கோ.”

“படுத்தா போர்முனைக்கு அனுப்பிடுவான்க்கா.”

“அங்க கதவு இல்லடா. ஓடவாவது செய்யலாம்.”

“ஓடுனா நம்ம ஆளே சுடுவான்.” சிரிக்கப் பார்த்தான். “இங்கன்னா குளிராவது இல்ல.”

அவள் திரும்பி வந்து டாக்டர் முன்னால் நின்றாள். “ஐயா, உள்ளேர்ந்து திறக்கற மாதிரி ஒரு தாழ்ப்பாள் மட்டும் போட்டுக் குடுங்க.”

டாக்டர் உண்மையாகவே யோசித்தார்.

“தாழ்ப்பாள் இருந்தா எல்லாருமே திறந்துடுவாங்களேம்மா!”

வாசலில், பனிக்கு நடுவே, மணல் நிற வண்டி நின்றது. அதே வண்டிதான், கழுவித் துடைத்திருந்தார்கள். டாக்டர் திரும்பிப் போகப் பக்கத்து இருக்கையில் ஏறி, கையுறையை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். கொன்ராட் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். அத்தானைவிட அவன் குள்ளம், கால் மிதிகளுக்கு எட்டவில்லை.

குனிந்து, இருக்கையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.